ஆமையின் கட்டைவிரல்

மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுந்தபோது அவளுடைய இடது கட்டைவிரல் மட்டும் ஈரமாக இருந்தது.

வியர்வை என்றால் கை முழுவதும் நனைந்திருக்க வேண்டும். மின்விசிறி கிறீச் கிறீச்சென்று சுற்றிக்கொண்டிருந்தது, ஜன்னல் கம்பியில் காயப்போட்ட வெள்ளைக் கோட்டு லேசாக ஆடியது, தாழ்வாரத்தின் கோடியில் யாரோ வாளியைத் தரையோடு இழுத்துப்போகும் சத்தம் கேட்டது, எல்லாம் எப்போதும்போலத்தான். விரலை மூக்கருகே கொண்டுபோனாள். ஸ்பிரிட் வாசனை. ஊசி போடுவதற்கு முன்னால் பஞ்சில் நனைத்துத் துடைப்பார்களே, அந்தக் குளிர்ந்த வாசனை.

எதிர்க் கட்டிலில் அவளுடைய அறைத்தோழி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். போர்வைக்குள் நீலமாக ஒரு வெளிச்சம் தெரிந்து, உடனே அணைந்தது.

இருவரும் கால்நடை மருத்துவக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. படபடவென்று பேசித் திரிவதால் அந்தத் தோழிக்குக் குருவி என்று பெயர்; எதையும் நிதானமாகச் செய்வதால் இவள் ஆமை. அறுவைக்கூடத்தில் இருவருக்கும் ஒரே மேஜை. குருவி இடது கைக்காரி. கத்தியைப் பிடித்தால் ஆட்டின் முழங்காலை எலும்பில் ஒரு கீறல்கூட விழாமல் பிரித்துவிடுவாள். ஆமைக்குத் தையல் வரும். தோல் சேர்ந்த இடமே தெரியாது. "குருவி வெட்டட்டும், ஆமை தைக்கட்டும்" என்று செய்முறை வாத்தியார் எல்லார் முன்னிலையிலும் சொல்வார். தன் கைகளை நம்பித்தான் அறுவை மருத்துவராகும் ஆசையை ஆமை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள்.

குருவி தன் வெட்டுகளைப் படம் பிடித்து, பாட்டு சேர்த்துப் போனில் போடுவாள். முதலில் வகுப்பில் உள்ளவர்கள் பார்த்தார்கள். பிறகு முகம் தெரியாதவர்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். அதன்பின் பாடம் நடக்கும்போதும், குளியலறையிலும், சாப்பாட்டுத் தட்டுக்கு மேலேயும் அந்தச் சின்னத் திரைதான். போன தேர்வில் பாதிப் பாடங்கள் போயின. இந்த முறையும் போனால் கல்லூரியை விட்டு அனுப்பிவிடுவார்கள்.

அதனால்தான் படிப்பு விடுமுறை தொடங்கியதும் அந்த ஏற்பாடு. விடுதியில் பலர் செய்வதுதான். குருவியின் போனிலிருந்து அவளுடைய விரல் ரேகையை அழித்துவிட்டு ஆமையின் ரேகையைப் பதிந்தார்கள். வலது கையில் பேனா இருந்ததால் இடது கட்டைவிரலைக் கொடுத்தாள். போனைத் திறக்கும் நம்பரையும் ஆமையே மாற்றினாள். மனதில் நிற்காதபடி கன்னாபின்னாவென்று நீளமாக ஒன்றைத் துண்டுக் காகிதத்தில் கிறுக்கி, அதைப் பார்த்துப் பார்த்துத் தட்டினாள். காகிதத்தைக் குருவியே கிழித்துக் கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள்.

"நான் கால்ல விழுந்தாலும் திறந்து தராதடி. கத்தினாலும் தராத."

"கடிச்சா?"

"கடிச்சாலும்தான்."

இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

சில நாளில் குருவி கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அலமாரிக் கதவில் நெற்றியை மோதத் தொடங்கினாள். கோபமாக அல்ல. சீராக, யாரோ பொறுமையாகக் கதவைத் தட்டுவதுபோல. புருவம் கிழிந்து புத்தகத்தில் ரத்தம் சொட்டிய பிறகும் நிறுத்தவில்லை.

"கடைக்கு எடுத்துட்டுப் போய் லாக்கை எடுத்துடலாம்டி" என்றாள் ஆமை, அவள் தலையைப் பிடித்துக்கொண்டு.

"எடுத்தா எல்லாம் அழிஞ்சிடும். வேற ரேகை போடணும்னாலும் அந்த நம்பர் வேணும். பாஸ்வேர்டு எல்லாம் அதுக்குள்ளதான் கிடக்கு." குருவி கண்ணுக்குள் இறங்கிய ரத்தத்தைத் துடைக்காமலே சொன்னாள். "என்னைப் பாக்கறவங்க எல்லாம் போயிடுவாங்க."

பிறகு திடீரென்று அமைதியானாள். சாப்பிட்டாள், படித்தாள். அந்த நிம்மதியில் ஆமையும் மத்தியானங்களில் கண்ணயர்ந்தாள். விரல் ஈரமான அன்றுதான் அந்த அமைதி எங்கிருந்து வந்ததென்று புரிந்தது.

"தூங்கறப்ப உன் விரலை எடுத்து வெச்சா என்ன, தேஞ்சா போயிடும்?" என்று குருவி சிரித்தாள்.

மறுநாள் ஆமை இடது கைக்குக் காலுறையை மாட்டி, மணிக்கட்டில் ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டு படுத்தாள். எழுந்தபோது காலுறை தலையணைக்கருகே நேர்த்தியாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. ரப்பர் பேண்டு அதன்மேல் வட்டமாக. கட்டைவிரல் நகத்தடியில் கருநீலமாக ரத்தம் கட்டியிருந்தது.

வார்டன் அக்காவிடம் போனாள். அவர் நாற்காலியில் சாய்ந்து, கட்டைவிரலால் போனை மேலே தள்ளிக்கொண்டே இருந்தார்.

"அக்கா, வேற ரூம் கிடைக்குமா?"

"ஏன்மா?"

"தூங்கறப்ப என் கையைப் பிடிக்கறா."

"கல்யாணம் ஆகற வரைக்கும் யாராவது பிடிக்கட்டுமே." தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். தலை நிமிரவில்லை. "மேல்மாடியில பெயிண்ட் அடிக்கறாங்க. பரீட்சை முடியட்டும், பாக்கலாம்."

அன்று சாயங்காலம் மழை பிடித்தது. மின்சாரம் போனது. பாதி விடுதி ஊருக்குப் போயிருந்ததால் தாழ்வாரம் நெடுக ஓடுகளில் விழும் தண்ணீரின் ஓசை மட்டும் காலி அறைகளுக்குள் புகுந்து புகுந்து திரும்பியது. குருவி டீ போட்டுக் கொண்டுவந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

"உன்னை ரொம்பப் படுத்திட்டேன்ல? இனிமே தொட மாட்டேன்." கோப்பையை நீட்டினாள். "பரீட்சை முடிஞ்சதும் ஊருக்குப் போயிடுவியா?"

"ம்."

"எவ்வளவு நாள்?"

"ஒரு மாசம்."

"ஒரு மாசம்" என்று குருவி சொல்லிப் பார்த்தாள், தெரியாத மொழியின் வார்த்தையைச் சொல்லிப் பார்ப்பதுபோல.

டீ கசந்தது. பாவமாக இருந்ததால் ஆமை மிச்சம் வைக்கவில்லை.

கோப்பையைக் கழுவ முகம் கழுவும் தொட்டிக்குப் போனாள். குழாயைத் திறந்து கையை நீட்டினாள். ஜன்னல் வழியே வந்த மங்கலான வெளிச்சத்தில், இடது கட்டைவிரலின் அடியைச் சுற்றி மெல்லியதாக ஒரு ஊதாக் கோடு.

சோப்பு போட்டுத் தேய்த்தாள். போகவில்லை. அறுவைக்கூடத்தில் வெட்டுமிடத்தைத் தோலில் குறிக்கும் மை. நேர்க்கோடு அல்ல. உள்ளங்கைப் பக்கம் நாக்குபோல நீண்டு வளைந்திருந்தது. எலும்பை எடுத்த பிறகு தையலுக்குத் தோல் மிச்சம் இருக்கவேண்டும் என்று குருவி அப்படித்தான் போடுவாள். எப்போதும் ஆமையின் வசதிக்காக.

கோப்பை நழுவி உடைந்தது.

கதவு. தாழ்வாரம். வார்டன் அறை. கால்கள் கேட்கவில்லை. நாக்கு தடித்தது. தரை மெல்லச் சாய்ந்து அவளை நோக்கி வந்தது. பின்னாலிருந்து இரண்டு கைகள் அக்குளில் நுழைந்து தாங்கின.

"மெதுவா" என்றது குருவியின் குரல். "ஆமைதானே நீ."

நினைவு திரும்பியபோது முதலில் வாசனை வந்தது. ஸ்பிரிட். அதற்கடியில் இன்னொன்று. இரும்பு வாசனை. புதிதாக வெட்டும்போது மட்டும் வருவது.

பிறகு ஓசை. மழை. மழைக்குள், வேறு தாளத்தில், தகரத்தில் விழுவதுபோல ஒரு சொட்டு.

இடது கை இருப்பதே தெரியவில்லை. கண்ணைத் திறந்தாள். கை கட்டில் சட்டத்தோடு பேண்டேஜ் துணியால் கட்டியிருந்தது. விரல்கள் இருந்தன. கட்டைவிரலும் இருந்தது. அழுகை முட்டியது.

அப்படியானால் அந்தச் சொட்டு?

குருவி எதிரே முட்டி போட்டு உட்கார்ந்திருந்தாள். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. அவளுக்கு முன்னால் எஃகுத் தட்டு. தட்டில் ஒரு கட்டைவிரல்.

அவளுடைய வலது கையில் கட்டைவிரல் இருந்த இடத்தில் ரத்தம் கொப்பளித்துக்கொண்டிருந்தது. சுத்தமான வெட்டு. எலும்பில் ஒரு கீறல் இல்லை. ஓரத்தில் தோல் நாக்குபோல நீண்டு தொங்கியது.

"என்னுது வேஸ்ட்டுதானே" என்றாள் குருவி. பற்கள் கிடுகிடுத்தன. "அது போனைத் திறக்காதுல்ல."

"குருவி. வேணாம்டி. நான் ஊருக்குப் போகல. இங்கயே இருக்கேன். எப்பக் கேட்டாலும் திறந்து தர்றேன்."

"நீ தூங்கிடுவ."

"தூங்கலடி."

"மரத்துப்போற ஊசி உனக்குப் போட்டுட்டேன், வலிக்காது. ஒண்ணுதான் இருந்துச்சு. அதனால எனக்குப் போட்டுக்கல." புருவத்தில் காய்ந்த புண் மறுபடி கசிந்தது. "இடது விரல் வலது கையில திரும்பித்தான் நிக்கும். பரவாயில்ல. ரேகை படிஞ்சா போதும்."

ஆமை கத்தினாள். மழை அதை விழுங்கிக்கொண்டது.

மேஜையில், தண்ணீர் பாட்டில்மேல் சாய்த்து, போன் நின்றது. திரையில் இந்த அறை. இந்தக் கட்டில். கீழிருந்து சிவப்பாகச் சின்னச் சின்ன இதயங்கள் கிளம்பி மேலே போய்க்கொண்டே இருந்தன. அவற்றுக்கிடையே எழுத்துகள் ஓடின. நிஜம் மாதிரியே இருக்கு. சீக்கிரம். அடுத்தது எப்போ.

"பாரு, எவ்வளவு பேர் காத்திருக்காங்க." குருவி ஆமையின் வலது உள்ளங்கையைத் திறந்து எதையோ வைத்து மூடினாள். சில்லென்றிருந்தது. தையல் இடுக்கி. அதன் வாயில் வளைந்த ஊசி. கறுப்பு நூல் ஏற்கெனவே கோத்திருந்தது. "நான் வெட்டறேன். நீ தை. லேட் பண்ணா என் கை வீணாயிடும்."

கத்தி ஊதாக் கோட்டில் இறங்கியது. வலிக்கவில்லை. தோல் திறப்பது மட்டும் கேட்டது, ஈரத் துணி கிழிவதுபோல.

திரையில் ஒருத்தி வாயைப் பிளந்திருந்தாள். இதயங்கள் அவள் முகத்தின்மேல் ஏறிப் போயின. அவளுடைய வலது கை மட்டும் நடுங்கவில்லை. பழகிய விரல்கள் இடுக்கியின் வளையங்களைத் தேடி, ஒன்றொன்றாக நுழைந்து, ஊசியைச் சரியான கோணத்தில் பிடித்துக்கொண்டு காத்திருந்தன.