பவுடர் விளிம்பு

பவுடர் வாசனை வாசலில் வந்தது, வீட்டுக்குள்ளிருந்து இல்லை. செருப்பைக் கழற்றியபோது தமிழ்செல்வி அதைக் கவனித்தாள், ஆனால் அதை யோசிக்கிற அளவுக்கு அவளிடம் தெம்பு மிச்சமில்லை.

பௌர்ணமிக் கூட்டம். டவுன் லாட்ஜில் படுக்கை விரிப்பு மாற்றி மாற்றி இடுப்பு கழன்றிருந்தது. கிரிவலப் பாதையில் ஆட்டோ நகரவில்லை. அடி அண்ணாமலைக்குப் பாதித் தூரம் நடந்தே வந்தாள். புண்ணியத்துக்கு நடக்கிறவர்கள் நடுவே வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்று நடந்தவள் அவள் ஒருத்திதான். பொழுது சாய்ந்திருந்தது. கரண்டும் இல்லை. வாசலில் விடியலில் போட்ட கோலம் அப்படியே, ஒரு புள்ளிகூடக் குறையாமல் வெள்ளையாகக் கிடந்தது. மற்ற நாட்களில் சாயங்காலத்துக்குள் எறும்புகள் பாதி மாவைத் தின்றுவிடும்.

பகலில் அவள் கணவருக்குக் கஞ்சி ஊட்ட வந்துபோகும் பக்கத்து வீட்டுத் தங்கம்மாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டாள்.

"செல்வி, அண்ணன் வெரலு ஆடுன மாரி இருந்துச்சுடி. நல்லாப் பாரு."

களைப்பெல்லாம் எங்கே போனதோ, ஓடினாள்.

பக்கவாதம் வந்து படுத்ததிலிருந்து அவள் கணவர் வேணுவுக்குப் பேச்சில்லை, கை கால் அசைவில்லை. கண்ணால்தான் எல்லாம். ஆமாம் என்றால் ஒரு முறை மூடித் திறப்பார், இல்லையென்றால் இரண்டு முறை. ஒரு விரல் அசைந்தால் போதும், மீதியைத் தான் பார்த்துக்கொள்வதாகப் பயிற்சி கொடுக்க வருகிறவர் சொல்லியிருந்தார். அந்த ஒரு விரலுக்காகத்தான் அவள் இத்தனை நாள் உழைத்தாள், எரிந்து விழுந்தாள், சாமிகளோடு சண்டை போட்டாள்.

செல்போன் வெளிச்சத்தில் வேணுவின் சுட்டுவிரல் மெல்ல வளைந்து நிமிர்ந்தது.

உட்கார்ந்து அழுதாள். அந்தக் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். கை சூடாக இருந்தது, உள்ளே ஏதோ லேசாக அதிர்ந்தது. ரத்தம் ஓட ஆரம்பித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். அப்போதுதான் அவர் மேலிருந்து ஒரு வாசனை வந்தது. பவுடர் இல்லை. பச்சரிசி மாவு.

ஓசூருக்கு வேலைக்குப் போன மகன் இளவரசன் தன் கட்டெறும்புகளை அவள் தலையில் கட்டிவிட்டுப் போயிருந்தான். பிள்ளைகள் நாய் வளர்ப்பார்கள், கிளி வளர்ப்பார்கள்; இவன் எறும்பு வளர்த்தான். பவுடரை ஸ்பிரிட்டில் குழைத்துக் கண்ணாடிப் பெட்டியின் உள்விளிம்பில் தினமும் பூச வேண்டும். காய்ந்ததும் எறும்புக்குக் கால் வழுக்கும், ஏறி வராது. மிச்சப் பவுடரைப் படுக்கைப் புண் வராமலிருக்க வேணுவின் முதுகில் தூவுவாள். பவுடரும் கோலமாவும் அலமாரியில் ஒரே மாதிரி இரண்டு எவர்சில்வர் டப்பாக்களில் இருந்தன. இன்று அரைத்தூக்கத்தில் வாசலுக்குப் போனது பவுடர். பெட்டிக்கும் முதுகுக்கும் போனது எறும்பு தின்னட்டும் என்று போடுகிற அரிசி மாவு.

வெளிச்சத்தைப் பெட்டியின் பக்கம் திருப்பினாள். விளிம்பு துடைத்து வைத்ததுபோல் சுத்தமாக இருந்தது. பெட்டி காலி.

தரையில் தேடினாள். சுவரில், கட்டில் காலில், விரிப்பின் மேல் தேடினாள். ஒன்றுகூட இல்லை. அவர் முதுகுக்கடியில் கையை விட்டாள். ஒரு பொட்டு மாவுகூட இல்லை. முதுகில் விரல் நுனி அளவுக்கு ஒரு பள்ளம் தட்டுப்பட்டது. காலையில் அது இல்லை.

ஊருக்குப் போகும்போது இளவரசன் சொன்னது நினைவுக்கு வந்தது. "வெளிய வுட்றாதம்மா. அசையாத கட்டையா பாத்துக் கொடஞ்சி உள்ள பூந்துக்கும். அப்புறம் அதான் அதுங்களுக்கு வீடு."

சாலையில் அரோகரா சத்தம் எழுந்து அடங்கியது. வீட்டுக்குள் அமைதி. அந்த அமைதிக்குள் மெல்லிய அரிப்புச் சத்தம். மரத்தை நகத்தால் சுரண்டுகிற மாதிரி. கட்டிலிலிருந்து. இல்லை. அவரிடமிருந்து.

வேணுவின் முகத்தருகே குனிந்தாள். கண்கள் அகலத் திறந்திருந்தன. ஓரத்தில் நீர்.

"ஏங்க," என்றாள். "வெரல நீங்கதான ஆட்டுறீங்க?"

கண்கள் மூடித் திறந்தன.

ஆமாம் என்கிறார். அவள் மூச்சு விட்டாள்.

மறுபடியும் மூடித் திறந்தன.

விரல்கள் ஒவ்வொன்றாக வளைந்தன. ஐந்தும். பிறகு மணிக்கட்டு. கை விரிப்பிலிருந்து எழும்பியது. சுட்டுவிரல் நகத்தடியில் தோல் பிரிந்து இரண்டு கரிய மீசைகள் நீண்டன, காற்றைத் தடவின, உள்ளே போயின.

கை அவளை வா வா என்று அழைத்தது.

வேணு கண்ணை இரண்டு முறை மூடித் திறந்தார். இன்னும் இரண்டு முறை. இன்னும் இரண்டு முறை.