கோமதிநாயகம் சாரின் பட்டை

மாதத்தின் இரண்டாவது ஞாயிறு வந்தால் பாளையங்கோட்டையில் பொழுது சாயும் முன்பே கடைகள் அடைபடும். சுண்டல் வண்டிக்காரர்கூட அடுப்பை அணைத்துவிட்டு யார் வீட்டுக்காவது ஓடுவார். அன்று தொலைக்காட்சியில் வரும் நாட்டு அதிபரின் உரையைத் தனியாகப் பார்க்கக் கூடாது. நான்கு பேராவது ஒரே கூரையின் கீழ் கூடிப் பார்க்க வேண்டும். அந்த இடத்துக்குப் பார்வைவீடு என்று பெயர். எல்லோர் மணிக்கட்டிலும் பற்றளவி கட்டியிருக்க வேண்டும். பற்றளவி என்பதெல்லாம் அரசு அறிவிப்பில்தான். வாய்ப்பேச்சில் அது வெறும் பட்டை.

ஆவுடைக்கும், அவளோடு புள்ளியியல் முதுகலை படிக்கும் ஜெபராணிக்கும் மைதீனுக்கும் இந்த மாதம் ஒதுக்கிய பார்வைவீடு அவர்களுடைய பேராசிரியர் கோமதிநாயகத்தின் வீடு. விஷயம் தெரிந்ததும் வகுப்பில் மற்றவர்கள் இவர்களைத் துக்க வீட்டுக்காரர்களைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். காரணம் இருந்தது. கோமதிநாயகம் சாருக்கு அதிபரை உண்மையிலேயே பிடிக்கும். அப்படியும் ஒரு மனிதர் இருப்பார் என்பதே பிள்ளைகளுக்கு நம்ப முடியாத சங்கதி. போதாக்குறைக்கு, பட்டைக்குக் கணக்கு எழுதிய அளவைக் குழுவில் அவரும் ஒருவர். அவர் முன்னால் தும்முவதற்கே யோசிப்பார்கள்.

"வாங்க, வாங்க. ஃபேனுக்கு நேரா உக்காருங்க" என்று வரவேற்றார். மனைவி தூத்துக்குடியில் மகள் வீட்டில் இருந்தார். தானே டீ போட்டு, தட்டு நிறையக் காராசேவும் வைத்திருந்தார். புதுத் துணி போட்ட பிள்ளைபோல பட்டை கட்டிய மணிக்கட்டை நீட்டிக் காட்டினார். "குழுவுல இருந்தவங்களுக்கு இத்தன நாளும் விலக்கு இருந்துது. இந்த மாசத்துலருந்து அதுவும் கிடையாது. நல்லதுதானே? நாம செஞ்சத நாமளே கட்டிப் பாக்கணும்லா."

மூவரும் சிரித்து வைத்தார்கள். காராசேவை யாரும் தொடவில்லை.

திரையில் கொடி வந்தது, பாட்டு வந்தது, பிறகு அதிபர் வந்தார். பட்டை நாடியையும் உள்ளங்கை வியர்வையையும் பார்த்து நெஞ்சில் எவ்வளவு பற்று இருக்கிறது என்று சொல்லும். பச்சை என்றால் பற்று. மஞ்சள் என்றால் தடுமாற்றம். சாம்பல் என்றால் பற்றே இல்லை. உரை முடியும்போது ஒரு கையில் சாம்பல் இருந்தாலும் வாசலில் வேன் வந்து நிற்கும். அந்த ஒருவரை மட்டுமல்ல, வீட்டில் இருக்கும் அத்தனை பேரையும் புத்தியைத் தெளிய வைக்கும் தெளிவகத்துக்கு ஏற்றிப்போகும். ஜெபராணியின் அண்ணன் அப்படிப் போய்த் திரும்பியவன். இன்றைக்கும் தன் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்க அம்மாவிடம் அனுமதி கேட்டு நிற்கிறான்.

ஆவுடையின் பட்டை பச்சையாக எரிந்தது. ஜெபராணிக்கும் பச்சை. மைதீனுக்குக் கண்ணைப் பறிக்கும் பச்சை. அதிபர் நெல் விளைச்சலைப் பற்றிப் பேசினாரா, நிலவில் கட்டும் ஊரைப் பற்றிப் பேசினாரா என்று கேட்டால் மூவருக்கும் தெரியாது. ஆவுடை தற்செயலாகப் பக்கவாட்டில் திரும்பினாள்.

சாரின் பட்டை சாம்பல் நிறத்தில் இருந்தது.

அவரோ சாய்வு நாற்காலியில் காலை நீட்டி, கண்ணை லேசாக மூடி, நல்ல கச்சேரி கேட்பவர்போலத் தலையாட்டிக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் இருந்த நிம்மதியை ஆவுடை எந்தப் பார்வைவீட்டிலும் பார்த்ததில்லை.

"சார்..." என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. "சார், ஒங்க பட்டை."

அவர் குனிந்து பார்த்தார். தட்டினார். இடுப்பு வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். சாம்பல்தான். "கிறுக்குப் பிடிச்ச மெஷின்!" என்று சிரித்தார். "எனக்குப் போயி சாம்பலாம். புதுசுல்லா, கோளாறா இருக்கும்."

"வேன் வருமே சார்" என்றான் மைதீன்.

"வரட்டுமே. எடுத்துச் சொன்னா கேக்கப் போறாங்க. அவங்க என்ன புலியா, கரடியா?"

அங்கேதான் சிக்கல். வேறு யாராக இருந்தாலும் சாம்பலைக் கண்ட மாத்திரத்தில் நெஞ்சு படபடக்கும், கை வேர்க்கும், பட்டை தானாகப் பச்சையாகிவிடும். நாட்டில் எல்லோரும் தப்பிப்பது இப்படித்தான். அது எல்லோருக்கும் தெரியும். யாரும் யாரிடமும் சொன்னதில்லை. இந்த மனிதருக்குப் பயமே வரவில்லை. அதிபர் முடிவுரைக்கு வந்துவிட்டார், வழக்கமான நன்றிகளைத் தொடங்கிவிட்டார்.

அதை அவரிடம் சொல்லிவிடலாம். சொன்னால் அவரே போன் போட்டுக் காட்டிக்கொடுப்பார். சொல்லாவிட்டால் வேன். ஜெபராணி அவள் முழங்காலை அழுத்திப் பிடித்து, வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினாள். அந்தப் பிடியின் நடுக்கம்தான் ஆவுடையைப் பேச வைத்தது.

"சார், மெஷின் சரியாத்தான் இருக்கு. எங்க கையில எரியுதே பச்சை, அது பற்று இல்ல சார். பயம்."

"என்னம்மா சொல்லுத?"

"உரைல ஒரு வார்த்த எங்க காதுல ஏறல சார். வேனை நெனச்சு ஒக்காந்திருக்கோம். ஒங்களப் பாத்தும் பயந்துதான் ஒக்காந்திருக்கோம். ஒங்களுக்குப் பயமில்ல, அதான் சாம்பல்."

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் வகுப்பில் தப்பான விடையைத் திருத்தும் அதே பொறுமையோடு, "அப்படி இருக்க முடியாதும்மா. நாங்க ஆள வச்சுச் சோதிச்சுல்லா அளவு குறிச்சோம்" என்றார்.

"எங்க வச்சு சார்?"

"திருநெல்வேலியில, ஆயுதப்படை மைதானத்துக்குப் பக்கத்துல ஒரு மண்டபம்."

"வாசல்ல யாரு நின்னா சார்?"

கோமதிநாயகம் ஆவுடையிடம் அல்ல, மூலையில் இருந்த அலமாரியிடம் சொல்வதுபோல் சொன்னார்: "துப்பாக்கியோட நின்னாங்க. பாதுகாப்புக்குன்னு சொன்னாங்க. எல்லாருக்கும் நாடி ஒசந்து, கை வேர்த்துது. அதத்தான் பற்றுன்னு எழுதினேன். ஒரே ஒரு அம்மாவுக்கு மட்டும் ஒசரல. பூக்காரம்மா. சிரிச்சுக்கிட்டே, 'எனக்கு அதிபர்னா உசுரு சார், அவர் வந்தப்புறம்தான் எங்க தெருவுக்குத் தண்ணி வந்துது'ன்னு சொன்னா. கணக்குல அவ மட்டும் தனியா விலகி நின்னா. பிழைன்னு நானே அடிச்சுத் தள்ளிட்டேன்."

"அவங்க எங்க சார் இப்ப?" என்றாள் ஜெபராணி.

"வேன்ல ஏத்தினாங்கம்மா. நான் வீட்டுல கொண்டு விடுதாங்கன்னு நெனச்சேன்."

திரையில் அதிபர் இரு கைகளையும் கூப்பினார். நால்வரும் ஒரே இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாரின் மணிக்கட்டில் சாம்பல் நிறம் கலங்கி மஞ்சளானது. அவர் நெற்றியில் வியர்வை பொடித்தது. நாற்காலிக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தார். மஞ்சள் கொஞ்ச நேரம் அப்படியே நின்று, பிறகு பச்சைக்கு மாறியது.

கொடி வந்தது, பாட்டு முடிந்தது. இன்று நாடெங்கும் ஒரு கையில்கூடச் சாம்பல் இல்லை என்று அறிவிப்பாளர் தழுதழுத்தார். மைதீன் இரு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு மூச்சு விட்டான். பிழைத்தோம் என்ற எண்ணம் ஆவுடைக்கு வந்தது, சந்தோஷம் வரவில்லை. இத்தனை நாளும் இந்த ஊரில் நிம்மதியாக இருந்த ஒரே மனிதர் அவர்தான். அந்த நிம்மதியை அவள் கையாலேயே பிடுங்கிப் போட்டிருந்தாள். இவ்வளவையும் தெரிந்துகொண்டு அவர் நாளைக்கு என்ன செய்வார் என்ற பயமும் அவளை விடவில்லை. போனை எடுப்பாரோ? அவள் அவரையே பார்த்தாள்.

கோமதிநாயகம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மூன்று பிள்ளைகளின் முகங்களையும் ஒவ்வொன்றாக, புது ஆட்களைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அவர் பட்டை இன்னும் பளிச்சென்று பச்சையாகவே எரிந்தது.

"நான் சொன்னத நீங்க யாரும் வெளிய சொல்ல மாட்டீங்கல்லா?" என்று மெல்லக் கேட்டார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "ஆவுடை, கதவு சாத்தியிருக்கா பாரும்மா."