நான்காவது கோடு

குழாயில் ஒட்டியிருந்த காகிதப் பட்டையில் மூன்று கோடுகள்தான் இருக்க வேண்டும். நான்கு இருந்தன.

அம்பலவாணன் மூக்குக் கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி எண்ணினான். நான்குதான். மூன்று அவன் போட்டவை. கூர் சீவிய பென்சிலால் ஸ்கேல் வைத்து இழுத்தவை. பத்தொன்பது வருஷம் ஓவர்சியராக அளவெடுத்த கை அது, கோணல் வர வாய்ப்பில்லை. நான்காவது கோடு தடிமனாக, ஒரு பக்கம் சரிந்து, இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே இடம் பிடித்து உட்கார்ந்திருந்தது.

தொலைநோக்கி முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. தலத்தெரு வீட்டின் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், மரப்பெட்டி மேல் மேற்கே பார்த்துப் படுத்திருந்தது. உடம்பு, போர் போடும்போது இறக்கும் எட்டங்குல பிவிசி குழாய். கண் வைத்துப் பார்க்கும் சின்னக் குழாய், வாஷ்பேசினுக்குக் கீழே மாட்டுவது. அதை விற்ற கபீர், "இதுல சந்திரன் தெரிஞ்சா எனக்கும் ஒருவாட்டி காட்டுங்க சார், தண்ணி ஒழுகுனா மட்டும் எங்கிட்ட வராதீங்க" என்று சிரித்திருந்தான். எல்லாம் கடைச் சரக்கு, ஒன்றைத் தவிர. அடியில் பதித்திருந்த ஆறங்குலக் கண்ணாடி அண்ணனுடையது.

அண்ணன் குஞ்சிதபாதம் அதை நெடுங்காட்டு மாட்டுக் கொட்டகையில் தன் கையால் தேய்த்தார். ஒரு கனத்த கண்ணாடி வில்லையைத் தார்ப் பீப்பாய் மேல் வைத்து, இன்னொன்றை அதன் மேல் வைத்து, நடுவே தேய்ப்புப் பொடியும் தண்ணீரும் விட்டு, பீப்பாயைச் சுற்றி நடந்து நடந்து ஏழு மாதம். மகளுக்கு சனிக் கிரகத்தின் வளையத்தைக் காட்ட வேண்டும் என்று ஒரே பிடிவாதம். பளபளப்புப் பூச்சுக்காகச் சென்னைக்கு அனுப்பிய கண்ணாடி பார்சலில் திரும்பி வந்த அன்று, அண்ணனின் கருமாதி முடிந்து நாலு நாள் ஆகியிருந்தது. நெடுங்காட்டு ரோட்டில் ஒரு லாரி. அவ்வளவுதான்.

அந்த மகள்தான் வினோதினி. பெற்றபோதே தாய் போய்விட்டாள். அப்பா போனபோது ஐந்து வயது. காய்ச்சலோடு இந்த வீட்டில் சித்தி மடியில் கிடந்தாள். சொல்ல யாருக்கும் நாக்கு எழவில்லை. கண் விழித்து "அப்பா எங்க?" என்று கேட்ட பிள்ளைக்கு அம்பலவாணனின் மனைவி விசாலாட்சி வாயில் வந்ததைச் சொன்னாள்: "அப்பா பிரான்சுக்குப் போயிருக்காங்க கண்ணு."

காரைக்காலில் செல்லுபடியாகும் பொய் அது. தெருவுக்கு நாலு வீட்டில் யாரோ ஒருவர் பிரான்சில் இருந்தார்கள். சென்ட் பாட்டிலும் சாக்லேட்டுமாக எப்போதோ வந்து இறங்குவார்கள், வராமலும் இருப்பார்கள், யாரும் அதிசயப்பட மாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் வினோதினி அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது. பிள்ளை இல்லாத வீட்டுக்கு வந்த பிள்ளை. இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று அம்பலவாணன் வார்த்தையை மென்று முழுங்கினான். சொன்னால் இத்தனை நாள் ஏமாற்றியவனை அவள் என்ன கண்ணால் பார்ப்பாள்? அதுதான் பயம். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அவனுக்கும் விசாலாட்சிக்கும் இந்த உலகத்தில் வேறு ஒன்றும் இல்லை. உண்மைக்குப் பதிலாகத்தான் தொலைநோக்கியைச் செய்து கொடுத்தான்.

"வினோ, இந்தக் கோடு நீ போட்டியா?"

"ஆமா சித்தப்பா. நேத்து நீங்க காபி குடிக்கக் கீழ போனீங்கல்ல, அப்ப."

"எதைப் பாத்துப் போட்ட?"

"அப்பாவ."

அவன் சிரிக்கப் பார்த்தான். முதல் நாள் அவள் "இதுல பிரான்ஸ் தெரியுமா?" என்று கேட்டதும், பேச்சை மாற்றத் தெரியாமல் மேற்கே கையைக் காட்டி "இந்தப் பக்கந்தான்" என்று உளறியதும் நினைவு வந்தது.

பொருள் கிட்டே இருந்தால் சின்னக் குழாயை வெளியே இழுக்க வேண்டும், தூரத்தில் இருந்தால் உள்ளே தள்ள வேண்டும். அப்போதுதான் தெளிவாகத் தெரியும். அதற்குத்தான் கோடுகள். முதல் கோடு நட்சத்திரத்துக்கு. அதிலிருந்து அரை நூல் தள்ளி, ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ரைஸ் மில் புகைபோக்கிக்கு. முதல் கோட்டிலிருந்து இரண்டு நூல் தள்ளி, கால் கிலோமீட்டரில் இருந்த செல்போன் டவருக்கு. அங்குலத்துக்கு எட்டு நூல்; ஆசாரிகள் கணக்கு. வினோதினியின் கோடு ஒரு நூலில் இருந்தது. அரைக் கிலோமீட்டர். அங்கே ஒன்றும் இல்லை, உளுந்து வயல்தான்.

குழாயைக் கோட்டுக்கு இழுத்துக் கண்ணை வைத்தான். இந்த வகைத் தொலைநோக்கியில் எல்லாம் தலைகீழ். மேலே பச்சை வயல், கீழே மாசி மாதத்துச் சாயங்கால வானம், வயலிலிருந்து தொங்கிக்கொண்டிருந்த ஒரு பனைமரம். பனைக்குப் பக்கத்தில், வரப்பிலிருந்து தொங்கிக்கொண்டு, வெள்ளைத் துணி போர்த்திய ஒரு ஆள்.

தலையை எடுத்து வெறும் கண்ணால் பார்த்தான். பனைமரம் நின்றது. வரப்பு காலியாக இருந்தது. மறுபடி கண்ணை வைத்தான். ஆள் இருந்தார். காற்றுக்கு உளுந்துச் செடி ஆடியது, பனையோலை ஆடியது. துணி ஆடவில்லை.

"தெரியுறாங்களா சித்தப்பா?"

"அது யாரோ வயல்காரரும்மா. இருட்டிடுச்சு, கீழ போ."

அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. கண்ணாடியின் பூச்சில் ஏதோ கோளாறு, உள்ளே வெளிச்சம் பட்டுத் தெறிக்கிறது என்று தனக்குத்தானே பாடம் நடத்திக்கொண்டான்.

மறுநாள் ஆபீஸ் விட்டு வந்ததும் நேரே மாடிக்கு ஏறினான். ஆறேகால் மணி. கடல் பக்கமிருந்து வரும் காற்று நின்றுபோய், எங்கோ வைக்கோல் எரிகிற வாசனை தெரு முழுக்கத் தேங்கியிருந்தது. கோயில் ஒலிபெருக்கி கரகரத்துக்கொண்டிருந்தது. வினோதினி அவனுக்கு முன்பே அங்கே இருந்தாள், முட்டி போட்டு, ஒரு கண்ணை இறுக மூடி. பட்டையில் ஐந்தாவது கோடு விழுந்திருந்தது. டவர் கோட்டையும் தாண்டி. மூன்று நூல்.

அவளை மெல்ல நகர்த்திவிட்டுப் பார்த்தான்.

வாய்க்கால் கரை. நூற்றைம்பது, நூற்றறுபது மீட்டர். வட்டம் முழுவதையும் அந்த ஆள் நிறைத்திருந்தார். முகத்தைத் துணி மறைத்தது. கால் தெரிந்தது. இரண்டு பாதமும் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன, பெருவிரல் இரண்டையும் சேர்த்து ஒரு வெள்ளைத் துணிக் கிழிசல் கட்டியிருந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆள் எம்பினார். இரண்டு காலும் ஒன்றாக. ஒரு சாண் தூரம். நின்றார். அசைவில்லை. மறுபடி எம்பினார்.

அம்பலவாணன் குழாயிலிருந்து கண்ணை எடுத்தான். அண்ணனை எரித்த அன்று நெடுங்காட்டு மயானத்தில் சிதையடுக்கிய ஆள் கேட்டது மறுபடி காதில் விழுந்தது. "கால்கட்டெல்லாம் அவுத்தாச்சுங்களா?" கால் பக்கம் போய்ப் பார்க்க அவனுக்குத் தைரியம் இல்லை. இருட்டுவதற்குள் முடிக்க வேண்டும் என்று எல்லாரும் அவசரப்படுத்தினார்கள். பார்க்காமலே "ஆச்சு" என்றான். தீ வைத்தான்.

"ரொம்ப மெதுவா வர்றாங்க," என்றாள் வினோதினி. "நான் டெய்லி கூப்பிடுறேன் சித்தப்பா. வாங்கப்பா, வாங்கப்பான்னு. கையக் காட்டுனா நம்ம பக்கம் திரும்புறாங்க."

"இனிமே கூப்பிடாத."

"ஏன்?"

சொல்வதற்கு அது சரியான இடம், அதைவிடச் சரியான இடம் கிடைக்கப்போவதில்லை. குழந்தை முகத்தை நிமிர்த்திக் காத்திருந்தாள். அம்பலவாணன், "பனி விழுது, உள்ள வா" என்றான்.

விசாலாட்சியிடம் மட்டும் சொன்னான். அவள் மாவு பிசைவதை நிறுத்தினாள்.

"பிள்ளைகிட்ட சொல்லிடலாங்க."

"சொல்லிட்டா அவ நம்மள மன்னிப்பாளா?"

"மன்னிக்க மாட்டா," என்று அவள் அழுதாள். "வேண்டாங்க. அதைக் கழட்டிப் போடுங்க மொதல்ல."

மூன்றாம் நாள் கழற்றத்தான் போனான். கழற்றுவதற்கு முன் ஒரே ஒரு தடவை. அந்த ஒரு தடவையை யார்தான் விட்டார்கள்? குழாயை இழுத்தான். அரை அங்குலம். மங்கல். முக்கால். மங்கல். ஒரு அங்குலத்தில் பளிச்சென்று விழுந்தது.

தெருமுனை.

வட்டத்தில் துணி விலகிய முகம் மட்டும். மேலே மோவாய், கீழே நெற்றி, நெற்றியில் ஒட்டிய ஒற்றை ரூபாய்க் காசு. லாரி என்ன செய்ததென்று ஆஸ்பத்திரியில் பார்த்தவன் அவன். இந்த முகத்தில் ஒரு கீறல் இல்லை. கோபமும் இல்லை. நெடுந்தூரப் பயணத்திலிருந்து வந்து, வீட்டு நம்பர் தேடுகிறவரின் முகம். வாசல் வாசலாகப் பார்த்தது. நிதானமாக. கபீர் வீடு. அடுத்த வீடு. அதற்கடுத்தது. பிறகு மாடி.

பிறகு நேராகக் குழாய்க்குள்.

அடித்தட்டின் திருகுகளைக் கழற்றினான். கண்ணாடியை எடுத்துப் பழைய வேட்டியில் சுற்றி, பீரோவுக்கு அடியில் கவிழ்த்து வைத்தான். பார்க்கிற கண்ணை மூடினால் வருவது நின்றுவிடும் என்று அப்போது நம்பினான்.

நாலாம் நாள் ஆபீசுக்குப் போகவில்லை. ஐந்து மணிக்கே வாசல் கதவைத் தாழிட்டான். ஜன்னல்களைச் சாத்தினான். கொசுவர்த்திப் புகை கூடத்தில் சுற்றியது. டிவியைச் சத்தமாக வைத்தான். வினோதினி தரையில் குப்புறப் படுத்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். விசாலாட்சி அவளுக்குத் தலை பின்னும் சாக்கில் கூடவே உட்கார்ந்திருந்தாள். ஆறரைக்குத் தெருநாய்கள் குரைத்தன. எல்லாம் ஒரே நேரத்தில் நிறுத்தின.

தொப்.

வினோதினி பென்சிலை வைத்தாள்.

தொப். நீண்ட இடைவெளி. தொப். வாசல் படியில் ஏறுகிற சத்தம். முதல் படி. இரண்டாவது படி. மூன்றாவது. வைக்கோல் வாசனை இல்லை இது. நெய். எரிந்த வரட்டி. டிவி பாட்டுக்குச் சிரித்துக்கொண்டிருந்தது. விசாலாட்சி எட்டி அதை அணைத்தாள்.

கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ நின்றார்கள். தட்டவில்லை.

"அப்பா வந்துட்டாங்க!" வினோதினி எழுந்து ஓடினாள்.

அம்பலவாணன் அவளைக் கதவருகே எட்டிப் பிடித்தான். மண்டியிட்டான். இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டான். இனி தள்ளிப்போட நாளில்லை.

"கண்ணு. அப்பா பிரான்சுக்குப் போகலடா. செத்துட்டாங்க. லாரி அடிச்சு. நான்தான் கொள்ளி வச்சேன். உங்கிட்ட பொய் சொன்னோம். சித்தப்பாவ மன்னிச்சுடு."

"ஏங்க..." என்று விசாலாட்சி வாயைப் பொத்திக்கொண்டாள்.

வினோதினி அழவில்லை. கணக்கு வாத்தியார் தப்பாகப் போட்டதைக் கண்டுபிடித்த பிள்ளைபோல் அவனைப் பார்த்தாள். பிறகு அவன் கைகளை ஒவ்வொன்றாகத் தோளிலிருந்து எடுத்துவிட்டு, கதவுப் பக்கம் திரும்பி, பலகையில் வாயை வைத்து, பக்கத்து வீட்டுக்குச் சேதி சொல்வதுபோலச் சொன்னாள்:

"அப்பா, நீங்க செத்துட்டீங்களாம். சித்தப்பா சொல்றாங்க."

வெளியே ஒரு சத்தமும் இல்லை.

காற்று இல்லை. நாய் இல்லை.

அப்புறம் அண்ணனின் குரல். சத்தம் போடாத, பழைய, சாந்தமான குரல்.

"எப்போடா தம்பி?"

அவன் வாயைத் திறந்தான். தேதி தெரியும். கிழமை தெரியும். நேரம்கூடத் தெரியும்.

வெளியே அழுகை தொடங்கியது. ஆண்பிள்ளை அழுவது, அடக்கி அடக்கி. அது முகத்தின் உயரத்திலிருந்து மெல்ல இறங்கியது. மார்பு உயரம். முழங்கால் உயரம். கடைசியில் தரையோடு தரையாக, கதவின் அடி இடுக்கிலிருந்து கேட்டது.

"அழாதீங்கப்பா," என்றாள் வினோதினி. குந்தி உட்கார்ந்தாள். விசாலாட்சி அலறிக்கொண்டு ஓடிவந்து அவள் இடுப்பைப் பிடித்து இழுத்தாள். அம்பலவாணனும் இழுத்தான். குழந்தை நகரவில்லை. "இருங்க சித்தி, அப்பா என் கையப் புடிச்சிருக்காங்க."

அம்பலவாணன் குனிந்து பார்த்தான். கதவுக்கும் தரைக்கும் நடுவே இரண்டு நூல் இடைவெளிகூட இல்லை. ஒரு அஞ்சல் அட்டை நுழையும், விரல் நுழையாது. அவள் கை மணிக்கட்டு வரை உள்ளே போயிருந்தது. அவன் பார்க்கப் பார்க்க, வலி தெரியாமல் சிரித்துக்கொண்டு, அவள் முழங்கை வரை போய்க்கொண்டிருந்தாள்.