வளையாத சதை

கேலப்பின் நெஞ்சில் சளித்தைலம் தேய்த்துக்கொண்டிருந்த ரெனிட்டாவின் கட்டைவிரல் ஓரிடத்தில் நின்றது. வலது பக்கம், தோலுக்கு அடியில், சதை விரலுக்கு வழிவிடவில்லை. இன்னொரு முறை அழுத்தினாள். ஐந்து வயதுப் பிள்ளையின் உடம்பு. அமுக்கினால் அமுங்கி, விட்டால் எழும்ப வேண்டும். இது அப்படியே இருந்தது.

"வலிக்குதாடா?"

மகன் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் இல்லை என்று தலையாட்டினான்.

அந்த வீட்டுக்குள் பகலிலும் இருட்டுதான். அவள் கணவன் லவெல் இரவெல்லாம் கொட்டகை கொட்டகையாகப் போய்க் கோழி பிடித்து லாரியில் ஏற்றுகிறவன். அவன் பகலில் தூங்குவதற்காக எல்லா ஜன்னல்களிலும் பழைய போர்வைகளை ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். அந்த இருட்டில், தைலத்தின் காரத்துக்கும் லவெலின் பூட்ஸிலிருந்து வந்த கோழி எச்ச நாற்றத்துக்கும் கீழே, வினிகரும் பனிநீரும் பச்சைத் தோலும் கலந்த, அவள் வேலை பார்க்கும் கோழி ஆலையின் வாடை மெல்லக் கசிந்துகொண்டிருந்தது. வேலையிலிருந்து வந்ததும் குளித்திருந்தாள். கையை மோந்து பார்த்தாள். கையில் இல்லை.

ஆலையில் அவள் வேலை தொட்டுப் பார்ப்பது. எலும்பு நீக்கிய கோழி நெஞ்சுத் துண்டுகள் நீர் சொட்டச் சொட்ட பெல்ட்டில் வரும். ஒவ்வொன்றையும் எடுத்து, அழுத்தி, விரலின் மேல் குறுக்கே போட்டுப் பார்ப்பாள். நல்லது ஈரத்துணி போல இரண்டு பக்கமும் தொங்கும். சிலது தொங்காது. வெளுத்து, வெள்ளை வரி ஓடி, மேலே சளி போல ஒரு நீர் கசிய, பலகையாக நிற்கும். சீக்கிரம் வளரும் கோழிக்கு வருவது என்றார்கள். அவள் வேலைக்குச் சேர்ந்தபோது எப்போதாவது ஒன்று வந்தது. இப்போது அதற்கான சிவப்புத் தொட்டியை அடிக்கடி மாற்ற வேண்டியிருந்தது. தொட்டியை அடுத்த அறைக்கு உருட்டிப் போவார்கள். அங்கே அது தோலோடும் கொழுப்போடும் உப்புநீரோடும் மாவோடும் அரைபட்டு, வெளிறிய கூழாகிக் குழாய் வழியே கக்கப்பட்டு, அச்சில் விழுந்து, பொரிந்து, சிக்கன் நகெட்டாக நாடெங்கும் போகும். உருக்குலைந்த நகெட்டுகளைப் பையில் போட்டு ஆலை ஆட்களுக்கே கொடுப்பார்கள். கேலப் வேறு எதையும் தின்னமாட்டான்.

ஆலையில் பக்கத்தில் நிற்கும் ஒடெஸாவிடம், அந்தக் கட்டைத் துண்டுகளை அரைத்துக் கொடுப்பது சரியா என்று கேட்டாள். ஒடெஸா அங்கே பல வருஷமாக நிற்பவள்.

"நோயா, கிருமியா? வெறும் கடினம். அரைச்சப்புறம் எது கட்டை எது பஞ்சுன்னு எவன் கண்டான், பொண்ணே? என் பல்லு கடிக்க மாட்டேங்கிறத மெஷினே கடிச்சுக் குடுத்துடுது. இதுக்கு மேல என்ன உபசாரம் வேணும் உனக்கு?"

"உங்க பேரப்பிள்ளைங்களுக்குக் குடுக்குறீங்களா, மிஸ் ஒடெஸா?"

ஒடெஸா இரண்டு துண்டுகளைச் சிவப்புத் தொட்டியில் எறிந்தாள். மூன்றாவதை விரலின் மேல் குறுக்கே போட்டுப் பார்த்தாள்.

"அதுங்க அதைத்தானே கேக்குது."

மருத்துவமனையில் நர்ஸ் கேலப்பின் நெஞ்சை இரண்டு விரலால் தட்டிப் பார்த்தாள். நல்ல வளர்ச்சி என்றாள். பள்ளி திறந்தபோது வாங்கிய சட்டைகளுக்கு இப்போது பொத்தான் போட முடியவில்லை என்று ரெனிட்டா சொன்னாள். அதற்காகச் சந்தோஷப்பட வேண்டும் என்றாள் நர்ஸ்.

பிள்ளையின் நெஞ்சைப் பற்றி லவெலிடம் சொன்னபோது அவன் கட்டிலில் உட்கார்ந்து காலுறை மாட்டிக்கொண்டிருந்தான். பேச்சை வாங்கிக்கொள்ளாமல், இந்தத் தடவைக் கோழிகள் தூக்க முடியாத கனம், ஆனால் கத்தினால் இன்னும் குஞ்சுக்குரல்தான் வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவள் மறுபடியும் சொன்னாள். சிரித்தான்.

"செத்த கோழியைத் தடவித் தடவி உனக்குக் கட்டின புருஷனும் கோழியாத்தான் தெரிவான். இந்தா, என்னையும் அமுக்கிப் பாரு. எந்தத் தொட்டில போடுவ?"

பனியனைத் தூக்கிக் காட்டினான். அவள் அழுத்தினாள். அவன் சிரிப்பு அவள் தலைக்கு மேலே தொடர்ந்துகொண்டிருந்தது. கையை எடுத்துப் பாவாடையில் துடைத்தாள். அவன் சதையும் விரலுக்கு வழிவிடவில்லை.

மறுநாளிலிருந்து நகெட் பை வாங்குவதை நிறுத்தினாள். அந்தத் தீனியை விட்டால் பிள்ளையின் நெஞ்சுக் கடினம் கரைந்துவிடும் என்று நம்பினாள். நம்புவதற்கு வேறு எதுவும் இல்லை. மொச்சையும் கீரையும் சோள ரொட்டியும் வைத்தாள். கேலப் வாயில் வாங்கி, கொஞ்ச நேரம் வைத்திருந்து, அப்படியே வழியவிட்டான். அழவில்லை. லவெல்தான் கத்தினான், பிள்ளையைப் பட்டினி போடுகிறாள் என்று. அவள் விட்டுக்கொடுக்கவில்லை.

ஆனால் அது பரவியது. தோளுக்கு. விலாவுக்கு. கேலப் கையை மடக்காமல் மல்லாந்து தூங்கினான். இருட்டில் அவன் மூச்சு, ஈரம் கோத்த ஏதோ ஒன்று சுருங்கி விரிவது போலக் கேட்டது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து அழுத்திக்கொண்டே இருந்தாள்.

பலகை.

பலகை.

ஒரு நாள் மதியம் அவள் வேலை முடிந்து வந்தபோது கேலப் சோபாவில் படுத்திருந்தான். டிவி ஓடியது, சத்தமில்லாமல். அந்த நீல வெளிச்சம் அவன் நெஞ்சில் ஏறி இறங்கியது. சட்டை திறந்திருந்தது. அவள் விரல் தன்னாலே அங்கே போனது.

மெத்தென்று இருந்தது.

மறுபடியும் தொட்டாள். மெத்தென்றுதான் இருந்தது. தோளைத் தொட்டாள். விலாவைத் தொட்டாள். எங்கும் தடை இல்லை. முழங்காலில் விழுந்து ஆண்டவருக்கு நன்றி சொன்னாள். சிரித்தாள். அழுதாள்.

"லவெல், எந்திரிச்சு வந்து பாருய்யா. கரைஞ்சிடுச்சு."

உள்ளே கட்டில் முனகியது.

நிச்சயப்படுத்திக்கொள்ள இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். விரல் இறங்கியது. நல்ல சதையில் ஓரளவுக்கு மேல் இறங்காது. இறங்கிக்கொண்டே இருந்தது. நகம் மறைந்தது. தோல் கிழியவில்லை, ஈரக்காகிதம் போல விலகிக்கொண்டது. ரத்தம் இல்லை. விரலின் இரு பக்கமும் சதை நூல் நூலாகப் பிரிந்தது, அதிகம் வெந்தது போல.

ஆனால் குளிர்ந்திருந்தது. உள்ளே, பனிநீர் போல.

வினிகர் வாடை.

"இப்ப எப்படி இருக்கு?" படுக்கையறையிலிருந்து லவெல் கேட்டான்.

அவள் விரலை எடுத்தாள். வெள்ளை நார்கள் கூடவே வந்தன. ஒட்டிக்கொண்டு. நீண்டு.

கேலப் டிவியிலிருந்து கண்ணை எடுத்தான். தன் நெஞ்சைப் பார்க்கவில்லை. அவள் விரலைப் பார்த்தான்.

"பசிக்குதும்மா."

அவள் மணிக்கட்டைப் பிடித்தான். மெதுவாகத் தன் பக்கம் இழுத்தான். விரலை வாயில் வைத்துச் சப்பினான். அந்த நார்களை மென்றான். பல நாளுக்குப் பிறகு விழுங்கினான்.

மறுபடியும் வாயைத் திறந்தான்.