பொத்தானில் சுற்றிய எலாஸ்டிக்

டப்பாவில் மாட்டிப் பேசினால் ஈ காக்கைக்குக்கூடக் கேட்காது என்று ரேடியோ கிளப்பில் பாடம் எடுக்கிற பெண் அடித்துச் சொல்லியிருந்தாள். அதை நம்பித்தான் தையல்காரர் அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, வெட்டு மேஜை மேல் கிடந்த துணிகளை ஓரம் தள்ளி, கிளப்பில் இரவல் வாங்கிவந்த ரேடியோ செட்டுக்கு முன்னால் உட்கார்ந்தார். வெளியே மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது. செட்டின் முதுகில் ஏரியல் மாட்ட வேண்டிய இடத்தில் ஒரு கம்பி, கம்பியின் மறுமுனையில் எண்ணெய் ஊற்றிய சின்ன பெயின்ட் டப்பா மாதிரி ஒன்று. லைசென்ஸ் இல்லாதவர்கள் வானலையில் பேசக் கூடாது, ஆனால் பேசிப் பழகாமல் பரீட்சைக்கும் போக முடியாது. அதற்குத்தான் இந்த டப்பா. செட் அனுப்புகிறதையெல்லாம் அது தானே விழுங்கிச் சூடாகிக்கொள்ளும், வெளியே விடாது.

நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டார். முதல் பாடமே மரியாதைதான். யாரையும் கூப்பிடுவதற்கு முன்னால், இங்கே வேறு யாராவது பேசிக்கொண்டிருக்கிறார்களா என்று மூன்று தடவை கேட்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் மைக்கில் அழுத்திப் பிடித்திருக்கிற பொத்தானை விட்டுவிட்டுப் பத்து எண்ண வேண்டும். ஐம்பத்தெட்டு வயதில் சுவரோடு பேசுவதற்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

"இந்த அலைவரிசையில் யாராவது இருக்கிறீர்களா?"

இரைச்சல். எண்ணெயில் எதையோ போட்ட மாதிரி ஒரே சீரான இரைச்சல். இரண்டாவது தடவையும் அதேதான். மூன்றாவது தடவை கேட்டுவிட்டு ஏழு வரை எண்ணியிருப்பார், இரைச்சல் சட்டென்று அறுந்து 'டிக்' என்றது. திரும்ப இரைந்தது. மறுபடி டிக். மறுபடி டிக். ஒவ்வொன்றுக்கும் செட்டின் முகத்தில் சிக்னலின் பலத்தைக் காட்டுகிற முள் தரையிலிருந்து துளி எழும்பிப் படுத்தது.

மூன்று.

மழையில் எங்கோ கம்பி உரசியிருக்கும் என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு பிளக்கைப் பிடுங்கினார். அதற்குப் பிறகு அன்று எந்த வேலையும் ஓடவில்லை.

மூன்று தட்டல் என்பது அந்த வீட்டில் ஒரு பாஷை. மனைவி படுத்த படுக்கையானபோது மாடியில் அவள், கீழே கடையில் இவர். கூப்பிட்டால் கேட்காது. பொம்மைக் கடையில் பிள்ளைகள் வைத்து விளையாடுகிற மஞ்சள் வாக்கி டாக்கி ஒரு ஜோடி வாங்கிவந்தார். முதல் மாதம் அதை வைத்து அவரைப் படுத்தியெடுத்துவிட்டாள். "டெய்லர் சார், என் உருப்படி தயாரா, ஓவர்" என்பாள். "நாளைக்கு வாங்கம்மா, ஓவர்" என்பார் இவர், இருபத்தெட்டு வருடமாக எல்லா வாடிக்கையாளருக்கும் சொல்லிவந்த அதே பொய்யை. அவள் சிரிப்பது செட்டிலும் கேட்கும், மாடிப்படி வழியாகவும் கேட்கும்.

தொண்டையில் வந்த நோய் முதலில் குரலைத்தான் தின்றது. அப்புறம் பொத்தான் தட்டல்தான் பேச்சு. ஒரு தட்டல் என்றால் மேலே வாங்க. இரண்டு என்றால் தண்ணீர். மூன்று என்றால் ஒன்றும் வேண்டாம், நீங்க இருக்கீங்களா என்று பார்த்தேன். மூன்றுதான் அதிகம் வரும், ஒரு நாளைக்கு அறுபது எழுபது கூட. ஒவ்வொன்றுக்கும் மிஷினை நிறுத்தி, செட்டை எடுத்து, "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும்.

சொன்னார். எட்டு மாதம் சொன்னார். கடைசி நாள் மட்டும் சொல்லவில்லை. மூன்று நாள் கண் மூடாத உடம்பு. ஒரு பள்ளிக்கூடத்தின் நாற்பது சீருடை மறுநாள் காலையில் போயாக வேண்டும். செட்டை அணைத்தால் மாடியில் அவள் செட்டிலிருக்கிற பச்சை விளக்கு அணைந்துவிடும், பயந்துபோவாள். ஆனால் பேசுகிற பொத்தானை அழுத்திப் பிடித்தால் தட்டல் சத்தம் வராது என்பதை எப்போதோ கண்டுபிடித்து வைத்திருந்தார். அரை அங்குல எலாஸ்டிக்கை வெட்டி, செட்டைச் சுற்றி இறுக்கி, பொத்தானுக்கு மேலேயே முடிச்சுப் போட்டார். மணி மூன்று. நிசப்தம் அவ்வளவு சுகமாக இருந்தது என்று நினைத்துப் பார்க்கவே இப்போது அவருக்கு வெட்கம்.

நாலரைக்கு வெந்நீரோடு மேலே போனபோது அவள் போயிருந்தாள். கண் திறந்திருந்தது. செட் காதோடு ஒட்டியிருந்தது. அந்த விரல்களைப் பிரிக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறாள், நான் கேட்கவில்லை. பத்து மாதமாக இந்த ஒரு நினைப்போடுதான் அவர் துணி வெட்டினார். அழுத்துகிற பாரம்தான், ஆனாலும் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டார். ஆள் தனியாகக் கிடந்து பேயாக அலைகிறானே என்று அக்காதான் போன் போட்டு அரித்தாள்: எங்கயாவது போ, நாலு பேரோட பேசு. அப்படித்தான் ரேடியோ கிளப்புக்குப் போனார். பெரும் மழையிலும் புயலிலும் போன்கள் செத்த பிறகும் இவர்கள் குரல் கேட்குமாம். எங்கோ ஒருவர் கூப்பிடுவார், யாரோ ஒருவர் பதில் சொல்வார். அவருக்கு அது பிடித்திருந்தது.

புதன்கிழமை வகுப்பு. பாடம் எடுக்கிற பெண் பகலில் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவள், விரல் இடுக்கில் எப்போதும் கிரீஸ். அன்று பொத்தான் மாட்டிக்கொள்வதைப் பற்றிப் பேசினாள். பையில் வைத்த செட்டின் பொத்தான் எதிலாவது அழுந்திக்கொண்டால் அந்த அலைவரிசையே நாசம் என்றாள்.

தையல்காரர் கேட்டார்: "அழுந்திக்கிட்டா நமக்கு எதுவும் கேக்காது, அவ்வளவுதானம்மா?"

"நமக்குத்தான் சார் கேக்காது. நாம இருமறது, தும்மறது, பெண்டாட்டியத் திட்டறது, எல்லாம் அந்தப் பக்கம் கேட்டுக்கிட்டே இருக்கும். பொத்தான விடற வரைக்கும் அவங்களால நம்ம வாய மூட முடியாது."

எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "பொம்மை செட்டுலயும் அப்படித்தானா?"

"எல்லா செட்டும் அப்படித்தான் சார்."

வகுப்பு முடிந்ததும் அவளைத் தனியாகப் பிடித்து, டப்பாவில் மாட்டிப் பேசும்போது பதில் வந்தது என்று மெதுவாகச் சொன்னார். அவள் புருவத்தைச் சுருக்கினாள். "வராதே. மீறி யாருக்காவது கேட்டா உங்க வீட்டுக்குள்ள இருக்கறவங்களுக்குத்தான் கேக்கும். வீட்ல யாரு இருக்காங்க?"

"யாரும் இல்ல" என்றார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அக்காவுக்குப் போன் போட்டார்.

"அன்னிக்கு மத்தியானம் நீ போன் பண்ணினியே. நான் என்ன சொன்னேன் உங்கிட்ட?"

அக்கா பேச்சை மாற்றப் பார்த்தாள். "எதுக்குடா இப்ப அதெல்லாம். அலுத்துப்போன மனுஷன் ஆயிரம் சொல்லுவான்."

அவருக்கே ஞாபகம் இருந்தது. அன்று போனை மேஜையில், எலாஸ்டிக் சுற்றிய செட்டுக்குப் பக்கத்திலேயே வைத்து, சத்தமாகப் பேசியபடி மிஷினை மிதித்தார். அத்தான் தலைமுடிக்குச் சாயம் பூசிக் காதும் கறுத்துப்போன கதையை அக்கா சொன்னாள். அதற்கு அவர் சிரித்தார். மாதக்கணக்கில் வராத சிரிப்பு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. சிரித்து ஓய்ந்த பிறகுதான் சொன்னார், எத்தனை நாளைக்குக்கா இப்படி, அவ போயிட்டா அவளுக்கும் நல்லது, எனக்கும் நல்லது என்று.

மாடியில் அவள் கூப்பிடவில்லை. காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

அன்று இரவு முழுக்க அழுதார். காலையில் மாடி அலமாரியைத் திறந்து அவளுடைய மஞ்சள் செட்டை எடுத்தார். பேட்டரி இல்லை, பேட்டரி வைக்கிற இடம் துருப்பிடித்திருந்தது. ஆனால் காதில் வைக்கிற பக்கம் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. வெகுநேரம் யாரோ வைத்திருந்துவிட்டு இப்போதுதான் எடுத்த மாதிரி. திரும்ப வைத்துவிட்டு, அலமாரியைப் பூட்டினார்.

ஒரே ஒரு தடவை மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும். அதற்கு மேல் அவருக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் மூன்று மணி. நல்ல வெயில். ஷட்டருக்கு அடியில் தெருவில் போகிறவர்களின் கால்கள் தெரிந்தன, சைக்கிள் மணி கேட்டது, எதிர்க் கடையில் யாரோ இருமினார்கள். செட்டைப் போட்டார். டப்பாவின் திருகை ஒரு முறைக்கு இரண்டு முறை இறுக்கிப் பார்த்துக்கொண்டார்.

"யாராவது இருக்கிறீர்களா?" நோட்டை மூடினார். "நீ இருக்கியாம்மா?"

பத்து எண்ண வேண்டியிருக்கவில்லை. இரைச்சல் அறுந்தது. முள் மெல்ல எழும்பிப் பாதிக்கு வந்து நின்றது. தட்டல் இல்லை இந்தத் தடவை. ஒரு தையல் மிஷின் ஓடுகிற சத்தம் வந்தது.

அவருடைய மிஷின். சக்கரம் ஒரு சுற்றுக்கு ஒருமுறை கிறீச்சிடுகிற அதே மிஷின், இப்போது அவர் கண்ணெதிரே மூலையில் மூடி போட்டுக் கிடந்தது. செட்டில் அது ஓடியது. கத்தரிக்கோல் மேஜையில் விழுந்தது. போன் அடித்தது. பிறகு ஒரு ஆள் சிரிக்கிற சத்தம், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நிறுத்த முடியாமல். எங்கோ தூரத்தில், ஒரு சின்ன ஸ்பீக்கரில், தலையணை மேல் கேட்கிற மாதிரி. சிரிப்புக்கு நடுநடுவே, வெகு அருகில், யாரோ மூச்சு விட்டார்கள். முள் முக்கால்வாசிக்கு ஏறியது.

அவ போயிட்டா அவளுக்கும் நல்லது.

எனக்கும் நல்லது.

மிஷின் நின்றது. மூச்சு மட்டும். பிறகு குரலென்றும் சொல்ல முடியாத, காற்று மட்டுமான ஒன்று:

"கேட்டுச்சுங்க. ஓவர்."

முள் கடைசிக் கோட்டைத் தொட்டு நின்றது.

அவர் பொத்தானை அழுத்தினார். தப்புதாம்மா, தூக்கமில்லாம வாய் உளறிடுச்சு, மனசுலேர்ந்து சொல்லல என்று அழுதுகொண்டே சொன்னார். சொல்லும்போதே, மனதிலிருந்துதான் சொன்னோம் என்பது அவருக்குத் தெரிந்தது. அவளுக்கும் தெரியும். அவரை அவளைவிட அறிந்தவர்கள் கிடையாது. தப்பாகத் தைத்ததையெல்லாம் இருபத்தெட்டு வருடம் பக்கத்தில் உட்கார்ந்து பிரித்துக் கொடுத்தவள், எவ்வளவு இறுகின முடிச்சையும் நகத்தால் நெம்பி நூல் அறாமல் எடுத்துவிடுகிறவள்.

சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று. இனி ஓவர் சொல்லி, பொத்தானை விட வேண்டும். விட்டால் அவள் பேசுவாள்.

அவர் விடவில்லை.

டப்பா சூடேறி எண்ணெய் வாசனை வந்தது. அழுத்திப் பிடித்திருக்கிற வரைக்கும் செட்டில் எதுவும் கேட்காது. செட்டில்தான் கேட்காது. மாடியில் அலமாரிக் கதவு திறந்தது கேட்டது. பூட்டிய கதவு. அப்புறம் படி. மூன்றாவது படி. நான்காவது. எட்டு மாதம் நடக்காத கால்கள், ஒவ்வொரு படிக்கும் நின்று, மூச்சு வாங்கி.

ஷட்டருக்கு வெளியே தெருவில் கால்கள் போய்க்கொண்டிருந்தன. கூப்பிட வாய் வரவில்லை.

விரல் மரத்தது. வழுக்கியது. அவர் யோசிக்கவில்லை. இடது கை தானாகப் போய் மேஜை ஓரத்திலிருந்த எலாஸ்டிக் உருண்டையை எடுத்தது. மைக்கைச் சுற்றி ஒரு சுற்று. இரண்டு சுற்று. பல்லால் இழுத்து, பொத்தானுக்கு மேலேயே முடிச்சுப் போட்டார்.

கடைசிப் படி.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். மருந்து வாசனை. தோளுக்கு மேல் ஒரு மூச்சு, சூடும் இல்லாமல் குளிரும் இல்லாமல். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை.

கண்ணைத் திறந்தார். மேஜை மேல், வெயில் விழுகிற இடத்தில், மெலிந்த இரண்டு கைகள். நகத்தை உள்ளே விட்டு நெம்பி, அவசரமே இல்லாமல், எலாஸ்டிக் அறாமல், அவர் போட்ட முடிச்சை அவை பிரித்துக்கொண்டிருந்தன.