வவ்வால் பாழியில் திரும்பிய தண்ணீர்

“அண்ணன் இல்லாம வெளிய வர மாட்டேன்!”

முல்லைக்கொடி இடுப்பில் கயிற்றை இறுக்கினாள். அதன் மறுமுனையை அண்ணன் ஞானவேலின் தோழன் அபூபக்கர் குகை வாசல் மருதமரத்தில் கட்டினான். ஞானவேல் நேற்றுக் காலை ஜமீன் புதையலைத் தேடித் தனியாக வவ்வால் பாழிக் குகைக்குள் போனவன், இன்னும் திரும்பவில்லை. ஜமீன் புதையலை எங்கே ஒளித்ததோ, இந்த மகராசன் புத்தியை எங்கே ஒளித்தான்!

மழைநீர் யுகயுகமாய்க் கரைத்துக் குடைந்த சுண்ணாம்புப் பாறை அது. கூரையிலிருந்து கல் விழுதுகள் தொங்கின. வவ்வால் எச்சத்தின் நெடி மூக்கைத் துளைத்தது. முழங்கால் அளவு ஓடைநீரில் இருவரும் உள்ளே நடந்தார்கள்.

“டார்ச் அணைஞ்சா தண்ணி போற பக்கம் நட, வாசல் வந்துரும்னு ஊருக்கே தெரியும். பொறவு ஏன் வரல?” என்றான் அபூபக்கர்.

முல்லைக்கொடி தண்ணீரில் வெளிச்சம் அடித்தாள்.

“அண்ணே... சருகெல்லாம் உள்ள போவுது!”

நேற்று மாலை பெய்த மழையில் வெளியே ஆறு பெருகியிருந்தது. குகையிலிருந்து ஆற்றில் விழும் ஓடை, இப்போது ஆறு தள்ளியதில் உள்ளே திரும்பியிருந்தது! ஐயோ! டார்ச் அணைந்த இருட்டில் அண்ணன் காலில் உரசிய நீரை நம்பி, மலையின் வயிற்றுக்குள் அல்லவா நடந்திருக்கிறான்!

“நாமளும் தண்ணியோடயே போவோம்!” என்றாள்.

நீர் இடுப்புக்கு ஏறியது. ஆயிரக்கணக்கில் வவ்வால்கள் கிறீச்சிட்டுப் பறந்தன. கடைசிக் கூடத்தில் ஒரு மேட்டுப் பாறை. அதன்மேல் ஞானவேல், கட்டிப்பிடித்த பழம்பானையோடு!

“புதையல் இல்லட்டி,” என்றான் நடுங்கியபடி. “கருகின கேப்பை. ஏதோ சண்டைக்குப் பயந்து சனங்க ஒளிஞ்சிருந்திருக்காவ.”

“இறங்குண்ணே! எதிர்நீச்சல் போடணும்!”

“பைத்தியமா? வாசல் அந்தப் பக்கம்!” அவன் நீர் ஓடும் திசையைக் காட்டினான்.

அவள் அவன் காலிலிருந்த செருப்பைப் பிடுங்கி நீரில் எறிந்தாள். அது சுழன்று ஓடி, எதிர்ப் பாறைச் சுவரின் அடியில் மறைந்தது. அங்கே வழியே இல்லை! அவன் பானையைக் கீழே வைத்தான்.

கயிற்றைப் பிடித்து, கழுத்தளவு வெள்ளத்தை எதிர்த்து, மூவரும் அங்குலம் அங்குலமாக நகர்ந்தார்கள். கடைசியில் வெளிச்சம்! கரையேறித் திரும்பினால், குகை வாயை ஆறு முழுதாக விழுங்கியிருந்தது.

ஊர் சொன்னது கோடைக்கு. மழைக்கு ஏற்ற புத்தியை நாம்தான் கொண்டுபோக வேண்டும்.

ஞானவேல் தங்கையின் கையை விடவே இல்லை. “என்னைய எப்படிட்டி கண்டுபிடிச்ச?”

“நானா இருந்தாலும் தண்ணி போற பக்கமே நடந்து அப்படித்தான் செத்திருப்பேன்,” என்றவள், அப்போதுதான் ஓவென்று அழுதாள்.