ஐந்தாம் கொக்கியில் தொங்கிய கோட்டு

"யாரோடதுன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்றது? அது அங்கேயேதானே தொங்கிட்டிருக்கு."

"எப்போலேருந்து?"

"எப்பவுமே. இல்லேன்னா போன வாரத்திலேருந்து." காமென் சூரியகாந்தி விதையின் தோலை உள்ளங்கையில் துப்பிக்கொண்டான். "என்னப் போய்க் கேக்குறீங்களே ருஷாக்கா. நான் போட்டிருக்கிற சட்டை என்ன கலருன்னே குனிஞ்சு பார்த்துத்தான் சொல்லணும்."

பக்கத்து மேசையிலிருந்த பெத்ரானா சிரித்தாள். மார்ச் முதல் நாள் ஒருவருக்கொருவர் மணிக்கட்டில் கட்டிவிடுவதற்காக அவள் சிவப்பு நூலையும் வெள்ளை நூலையும் சேர்த்து முறுக்கிக்கொண்டிருந்தாள். "பொண்டாட்டி முடிய ஒட்ட வெட்டிட்டு வந்து ரெண்டு வாரம் கழிச்சு, உனக்கு உடம்பு சரியில்லையான்னு கேட்டவன் இவன். இவன்கிட்ட போய்க் கேக்குறே பாரு."

ருஷா சிரிக்கவில்லை. அவள் கண் கதவுக்குப் பின்னாலிருந்த ஐந்தாவது கொக்கியில் இருந்தது.

டான்யூப் கரையில் இருந்த அந்தச் சிறிய ஊரின் நகராட்சிக் கட்டிடத்தில், இரண்டாம் மாடியில், நிலப் பதிவேடுகளின் அறை அது. கதவுக்குப் பின்னால் ஆறு கொக்கிகள். யார் கோட்டு எந்தக் கொக்கியில் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் வருஷக்கணக்கில் அவரவர் கொக்கி அவரவருக்கு என்று ஆகிவிட்டிருந்தது. ஐந்தாவது நெவெனாவுடையது. ஜனவரியில் அவள் இறந்த பிறகு அது வெறும் இரும்பாக நின்றது. இந்தத் திங்கட்கிழமை காலை ருஷா உள்ளே நுழைந்தபோது அதில் ஒரு சாம்பல் நிறக் கோட்டு தொங்கியது.

முழங்கால் வரை நீளம். நான்கு கறுப்புப் பொத்தான்கள். தன் நாற்காலியிலிருந்தே அவளால் எண்ண முடிந்தது. மூன்றாவது பொத்தான் மட்டும் பழுப்பு நூலால் தைக்கப்பட்டிருந்தது.

அந்த நூலைப் பார்த்ததும்தான் அவள் காமெனிடம் கேட்டாள். ஏனென்றால் அப்படி ஒரு கோட்டு உலகத்தில் எங்கும் கிடையாது. அது அவள் வாயிலிருந்து பிறந்தது.

நெவெனா வேலை முடிந்து வீடு போய்ச் சேராத அந்த இரவுக்கு மறுநாள் காலை, ஒரு போலீஸ்காரர் நோட்டுப் புத்தகத்தோடு இதே அறைக்கு வந்தார். நேற்று அவள் என்ன உடுத்தி வந்திருந்தாள் என்று கேட்டார். பழுப்பாக இருக்கும் என்றான் காமென். கறுப்பு என்று தொடங்கிய பெத்ரானா, இல்லை, தெரியவில்லை என்று நிறுத்திக்கொண்டாள். பதினோரு வருஷமாக ஒரே அறை, ஒரே காப்பிப் பாத்திரம். அப்புறம் எல்லோர் கண்ணும் ருஷாவின் பக்கம் திரும்பியது. அவள் மேசையும் நெவெனாவின் மேசையும் எதிரெதிரே, கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருந்தன. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் தெரியாது என்றால், பதினோரு வருஷமாக எதிரில் இருந்தவளை நான் ஒரு நாளும் ஏறிட்டுப் பார்த்ததில்லை என்று அர்த்தம். அதை எல்லோர் முன்னாலும் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

சாம்பல் நிறக் கோட்டு என்றாள். சொன்னதும் நாக்கு தானாக ஓடியது. முழங்கால் வரைக்கும் இருக்கும். நாலு கறுப்புப் பொத்தான். மூணாவது மட்டும் பழுப்பு நூல்ல தச்சது.

போலீஸ்காரருக்கு முகம் மலர்ந்தது. இப்படிக் கவனிக்கிற ஒரே ஒருத்தர் இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டுப் போனார். மதியமே வானொலியில் சாம்பல் நிறக் கோட்டு அணிந்த பெண் என்று அறிவித்தார்கள். ஊரே சாம்பல் நிறத்தைத் தேடியது.

மூன்றாம் நாள் அவளை ஆற்றோர நாணல் காட்டில் கண்டெடுத்தார்கள். பனியில் வழுக்கி, கால் முறிந்து, எழ முடியாமல் கிடந்திருக்கிறாள். முதல் இரவு முழுக்க உயிர் இருந்திருக்கிறது என்றார் மருத்துவர். நாணல் அறுக்கும் ஒருவர் அதற்கு மறுநாளே தூரத்தில் சிவப்பாக ஏதோ கிடந்ததைப் பார்த்திருக்கிறார். கொஞ்சம் அசைந்த மாதிரிகூட இருந்ததாம். சாம்பல் நிறத்தைத்தானே தேடுகிறார்கள், இது காற்றில் வந்த பிளாஸ்டிக் தாள் என்று நினைத்துப் போய்விட்டார். நெவெனா அன்று உடுத்தியிருந்தது நல்ல சிவப்புக் கோட்டு. தலைநகர் சோபியாவிலிருந்து வரவழைத்து, அன்றுதான் முதல் தடவையாகப் போட்டிருந்தாள்.

பதட்டத்தில் யாருக்கும் நிறம் மாறிப்போகும் என்று எல்லோரும் ருஷாவைத் தேற்றினார்கள். மாறிப்போகவில்லை, மாறுவதற்கு அங்கே எதுவுமே இல்லை என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அன்று காலையைப் பற்றி அவளுக்கு நினைவிருந்தது ஒன்றே ஒன்றுதான். கதவு திறந்து, சாத்தப்படாமல், குளிர் உள்ளே வந்துகொண்டே இருந்தது. யாரோ வாசலில் தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் நின்றார்கள். புதுசு உடுத்தி வருகிறவரை முதலில் பார்ப்பவர் "சுகமா உடுத்திக் கிழி" என்று வாழ்த்த, மற்றவர்களும் சேர்ந்துகொள்வது அந்த ஊர் வழக்கம். ஒரு கைக்குட்டைக்குக்கூடச் சொல்வார்கள். அன்று யாரும் சொல்லவில்லை. ருஷா மட்டும் தலையை நிமிர்த்தாமல், "கதவச் சாத்து, குளிருது" என்றாள்.

செவ்வாய்க்கிழமை அறையில் ஒரு வாடை வந்தது. அழுகிய நாணலும் ஆற்றுச் சேறும் கலந்த வாடை. முதலில் மெலிதாக, பிறகு வெப்பக் குழாய் சூடேறச் சூடேற, காப்பி மணத்தையும் பழைய தாள்களின் தூசி மணத்தையும் மூடிக்கொண்டு, தொண்டையின் பின்பக்கம் வந்து ஒட்டிக்கொள்ளும் வாடை. ஆறு உருகுகிறது என்றாள் பெத்ரானா. புதன்கிழமை கோட்டின் ஓரத்திலிருந்து நீர் சொட்டியது. பதிவேடுகளைப் புரட்டும் சத்தத்துக்கும் விசைப்பலகைச் சத்தத்துக்கும் நடுவே அந்தச் சொட்டு மட்டும் ருஷாவின் காதில் தனியாக விழுந்தது. காமென் தேங்கிய நீரில் காலை வைத்துவிட்டு, எந்தப் புண்ணியவான் பூட்ஸில் பனியை அள்ளி வந்தது என்று முனகிக்கொண்டே போனான். அதற்கு நேர் மேலே தொங்கியதை அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவர்களுக்கு அது தெரியாமல் இல்லை, பார்க்கத்தான் இல்லை என்பது ருஷாவுக்குப் புரிந்தது. அவளும் பதினோரு வருஷம் அப்படித்தானே இருந்தாள்?

வியாழக்கிழமை நுழைவாயில் கதவில் நாற்பதாம் நாள் நினைவு அறிவிப்பை ஒட்டியிருந்தார்கள். கறுப்புக் கட்டத்துக்குள் நெவெனாவின் பெயரும், அதன் மேல் அதே பழைய படமும். அவள் இறந்தபோது ஒட்டிய முதல் அறிவிப்பில் அந்தப் படத்தில் வெள்ளைக் கழுத்துப் பட்டி இருந்ததாக ருஷாவுக்கு ஞாபகம். இப்போது அது சாம்பலாக இருந்தது. பெத்ரானாவை நிறுத்திக் கேட்டாள். அதே படந்தான் ருஷா, என்று அவள் பார்க்காமலே சொல்லிவிட்டு மாடியேறினாள்.

அன்று மதியம், மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தபோது, ருஷா மர அளவுகோலை எடுத்துக்கொண்டு கொக்கியருகே போனாள். கை பட அவளுக்குத் தைரியமில்லை. அளவுகோலின் நுனியால் கோட்டின் கையை லேசாகத் தள்ளினாள்.

துணி என்றால் ஆடும். அது ஆடவில்லை. கனமாக, மெதுவாக நகர்ந்து, திரும்பவும் தன் இடத்துக்கு வந்தது. உள்ளே காலியாக இல்லை.

வெள்ளிக்கிழமை நாற்பதாம் நாள். நெவெனாவின் தங்கை இஸ்க்ரா பதினொரு மணிக்கு வந்தாள். சர்க்கரை தூவிய அவித்த கோதுமையைக் காகிதக் கிண்ணங்களில் போட்டு ஒவ்வொரு மேசையாக வைத்தாள். அக்காவின் துணிகளைத் தெரிந்தவர்களுக்குக் கொடுக்க ஒரு பையில் கொண்டுவந்திருந்தாள். பெத்ரானாவுக்குக் கழுத்துத் துண்டு. காமெனின் மனைவிக்குக் கையுறை. ருஷாவின் மேசைக்கு வந்தபோது பை காலியாகியிருந்தது. அவள் நெவெனாவின் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். ஐந்தாவது கொக்கி அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

"ஒண்ணு கேக்கணும் ருஷாக்கா. அலமாரி, பெட்டி எல்லாம் கொட்டிப் பார்த்துட்டேன். அவகிட்ட சாம்பல் கலருல ஒரு துணிகூட இல்ல. சின்ன வயசிலேருந்தே அந்தக் கலரு அவளுக்கு ஆகாது. நீங்க நெஜமாவே பார்த்தீங்களா?"

ருஷாவின் வாயில் கோதுமை இருந்தது.

"சண்டை போட வரல. நடந்தது நடந்துபோச்சு. பார்க்கலேன்னா பார்க்கலேன்னு சொல்லிடுங்க, போதும். அது மட்டும் தெரிஞ்சா நான் தூங்கிடுவேன்."

சொல்லிவிடலாம். ஒரே ஒரு வார்த்தை. இஸ்க்ராவின் முகத்தில் கோபமே இல்லை. அதுதான் ருஷாவால் தாங்க முடியாததாக இருந்தது. காமென் விதை கொறிப்பதை நிறுத்தியிருந்தான். பெத்ரானாவின் விரலில் நூல் நின்றிருந்தது.

"பார்த்தேன்," என்றாள் ருஷா. "சாம்பல்தான். அதத்தான் போட்டிருந்தா."

இஸ்க்ரா காலிப் பையை மடித்து மடியில் வைத்தாள். அப்புறம் தலையசைத்தாள்.

அவளுக்குப் பின்னால், கோட்டின் மேல் பொத்தான் மெல்ல அசைந்து, தன் துளைக்குள் நுழைந்தது. பிறகு இரண்டாவது. பிறகு, பழுப்பு நூல் தைத்த மூன்றாவது.

"சரிக்கா. சிவப்புக் கோட்ட உங்களுக்குத்தான் தரணும்னு இருந்தேன்," என்று இஸ்க்ரா எழுந்தாள். "அம்மாதான் விடல. அதப் போட்டுத்தான் பொதைச்சிருக்கோம்."

நினைவு விருந்துக்கு எல்லோரும் பன்னிரண்டரைக்குக் கிளம்பினார்கள். சாயங்காலத்துக்குள் ஒரு பதிவேட்டு வேலையை முடித்தாக வேண்டும் என்று ருஷா பொய் சொன்னாள். இஸ்க்ராவின் எதிரில் உட்கார்ந்து இன்னொரு கவளம் சாப்பிட அவளால் முடியாது. கொக்கிகளிலிருந்து கோட்டுகளை எடுத்துக்கொண்டு, பேசிக்கொண்டே படியிறங்கினார்கள். கீழே பெரிய கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. ஆற்றிலிருந்து கிளம்பிய மூடுபனி ஜன்னல்வரை ஏறி வந்து, பட்டப்பகலிலேயே அறையை மங்கலாக்கி, எதிர்ச் சுவரில் இருந்த பதிவேட்டு வரிசைகளையும் கடிகாரத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக அழித்துக்கொண்டிருந்தது. வெப்பக் குழாய் ஒரு தடவை முனகிவிட்டு நின்றது.

சொட்டும் சத்தம் நின்றிருந்தது.

அவள் நிமிர்ந்து கொக்கிகளைப் பார்த்தாள். அவளுடைய கோட்டு முதலாவதில். மற்ற ஐந்தும் காலி.

கதவருகே தேங்கியிருந்த நீரிலிருந்து ஒரு ஈரத் தடம் தொடங்கியது. காலடித் தடம். ஒரு கால் நேராக. இன்னொன்று இழுத்தபடி. கோணலாக. மேசைகளுக்கு நடுவே. இவள் பக்கம்.

ருஷா குனிந்துகொண்டாள். விசைப்பலகையைப் பார்த்தாள். எழுத்துகளை மட்டும். பதினோரு வருஷம் பார்த்த அதே எழுத்துகள்.

எதிர் நாற்காலி கிறீச்சிட்டது. யாரோ உட்கார்ந்தார்கள். மெதுவாக. ஒரு காலை நீட்டி.

நாணல் வாடை. மேசை விளிம்பில் நீர். அது தாள்களுக்கு அடியில் பரவி அவள் மணிக்கட்டைத் தொட்டது.

பார்வையின் மேல் ஓரத்தில் சாம்பல் நிறம். அகலமாக. அசையாமல். அதன் ஓரத்துக்குக் கீழே, மேசைக்கடியில், ஒரு விரற்கடை சிவப்பு.

பார்க்கலே, என்று சொல்ல நினைத்தாள். நான் பார்க்கவே இல்லே. உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

மேசையின் மேல் இரண்டு கைகள் வந்து படிந்தன. நகங்களுக்கடியில் சேறு. விரல்கள் நீலமாக விறைத்திருந்தன. அவை மூன்றாவது பொத்தானைத் தடவின. தடவின. பிடிக்க முடியாமல் நழுவின.

"விரல் மடங்க மாட்டேங்குது ருஷா," என்றது அந்தக் குரல். கோபமில்லை. அலுவலகத்தில் காப்பி கேட்கும் அதே குரல். "நீ போட்டுவிட்டதுதானே. நீயே கழட்டி விடேன். உள்ள என்ன போட்டிருக்கேன்னு ஒரே ஒரு தடவ பாரேன்."